அயல்நாட்டு வேலைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

நமது சங்க அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து அயல்நாட்டு வேலைக்குச் செல்வது புதிய வழக்கமன்று. புவனகிரியிலும் குறிஞ்சிப்பாடியிலும் தறி வேலை குறையும் காலங்களிலும், பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரி பொய்த்த ஆண்டுகளிலும், வீட்டுப் பிள்ளை ஒருவனைக் கடல் கடந்து அனுப்பும் பேச்சு எழாமலிருப்பதில்லை. பரங்கிப்பேட்டையாருக்கோ இது தலைமுறைப் பழக்கம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஓடிய கப்பல் ஒன்றிற்குச் 'சிதம்பரம்' என்றே பெயர் இருந்தது. 1985-ம் ஆண்டில் அது தீப்பற்றியதோடு அதன் போக்குவரத்தும் நின்றது. இன்று விமானத்தில் சில மணி நேரத்தில் போய்ச் சேரலாம். ஆயினும், நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பத்தார் அப்பணம் எந்தத் தாளுக்காகக் கட்டப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமலே கட்டிவிடுவதை நாம் அடிக்கடி காண்கிறோம்.

தேவையானவை மூன்று. பாஸ்போர்ட்டு நமது அரசாங்கம் தருவது. அதை வைத்திருப்பவர் இந்நாட்டுக் குடிமகன் என்பதற்கு அதுவே அத்தாட்சி. விசா என்பது நாம் செல்லும் நாடு தருவது. இன்ன காரியத்திற்காக, இத்தனை நாள் தங்கலாம் என்னும் அனுமதி. இவ்விரண்டையும் பலர் அறிவர். மூன்றாவதான குடிபெயர்வு அனுமதியைத்தான் பலர் அறியார்.

1922-ம் ஆண்டின் பழைய சட்டத்திற்குப் பதிலாக 1983-ம் ஆண்டில் இயற்றப்பட்ட குடிபெயர்வுச் சட்டம் இவ்வனுமதியை வகுத்தது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் 'இ.சி.ஆர்.' என்னும் மூன்று எழுத்துக்கள் அச்சிடப்பட்டிருக்கும். (கடலூர் வழியே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் அதே எழுத்துக்கள்தாம், இரண்டிற்கும் சம்பந்தமில்லை.) அவ்வாறு அச்சிடப்பட்டவர்கள் சவுதி அரேபியா, குவைத்து, ஓமன், கத்தார், பஹ்ரைன், ஐக்கிய அரபு நாடுகள், மலேசியா முதலாகக் குறிக்கப்பட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாயின், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற்றே விமானம் ஏற வேண்டும். இத்தகைய பாஸ்போர்ட்டு உடைய பெண்கள் 30 வயது நிரம்பாமல் அந்நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல இயலாது. சிங்கப்பூர் இப்பட்டியலில் இல்லை. அங்கே செல்பவர், அந்நாட்டு மனிதவள அமைச்சு வழங்கும் முன்னனுமதிக் கடிதத்தைப் புறப்படுமுன்னரே கையில் பெற்று, அதில் கண்ட அடிப்படைச் சம்பளமும் பிடித்தங்களும் தரகர் வாயால் சொன்னவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வனுமதியை வெறும் தொல்லை என்று எண்ணுவோர் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. முதலாளியின் பெயர், சம்பளம், வேலை, தங்குமிடம் ஆகியவை எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்றி இவ்வனுமதி கிடைக்காது. அன்றியும் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்னும் இன்ஷ்யூரன்ஸும் இதனோடு கட்டாயமாகிறது. இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய் என்னும் சிறு தொகைக்கு, விபத்தில் உயிர் போயினும் நிரந்தர ஊனம் நேரினும் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். வீட்டில் இருப்போருக்கு இது எவ்வளவு பெரிய ஆதரவு என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இதைத் தவிர்ப்பதற்காகவே சில தரகர்கள் சுற்றுலா விசாவில் அனுப்பிவைக்கின்றனர். சுற்றிப் பார்க்கச் செல்பவருக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டுவதில்லை. ஆகவே விமான நிலையத்தில் கேள்வி குறைவு. 2023-ம் ஆண்டு டிசம்பர் முதல் மலேசியா, இந்தியர்கள் விசா இன்றியே 30 நாள் வந்து தங்கலாம் என்று அறிவித்தபின் இவ்வழி இன்னும் எளிதாயிற்று. ஆனால் அச்சலுகை பார்வையாளருக்கே உரியது. அதைக் கொண்டு தோட்டத்திலோ உணவு விடுதியிலோ வேலை செய்பவர் பிடிபட்டால் சிறையும் நாடு கடத்தலுமே பலன். சம்பள பாக்கியைக் கேட்கவும் அவருக்கு ஒப்பந்தம் இராது. 2022-ம் ஆண்டில், தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மோசடித் தொழில் செய்யும்படி வதைக்கப்பட்டனர். அவர்களுள் 13 பேர் அவ்வாண்டு அக்டோபரில் மீட்கப்பட்டு ஊர் திரும்பினர்.

வளைகுடா நாடுகளுக்கு 'ஃப்ரீ விசா' என்று ஒன்று விற்கப்படுகிறது. போய் இறங்கியபின் விருப்பப்பட்ட இடத்தில் வேலை செய்யலாமாம்! அத்தகைய விசா எந்நாட்டுச் சட்டத்திலும் இல்லை. பெயருக்கு ஒருவர் விசா எடுத்துத் தருகிறார், வேலையோ வேறிடத்தில். பிறரிடம் வேலை செய்வது அங்கே குற்றமாகையால், பிடிபடுபவர் தொழிலாளியே.

பதிவு பெற்ற முகவர் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியுமே. ரசீதும் தர வேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று ரொக்கமாகக் கேட்பவர், தம் பதிவு எண்ணைக் காட்டத் தயங்கினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். அவ்வெண் உண்மையானதா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். ஊருக்குள் வந்து ஆள் சேர்க்கும் துணைத் தரகருக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978-ம் ஆண்டு முதல் ஆள் அனுப்பி வருகிறது. முதலில் அங்கே விசாரிப்பது நலம்.

புறப்படுமுன் பாஸ்போர்ட்டு இன்னும் ஆறு மாதத்திற்கேனும் செல்லுமா என்று பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டு, விசா, ஒப்பந்தம், இன்ஷ்யூரன்ஸ் பத்திரம் ஆகியவற்றின் நகல்களை வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்துச் செல்க. தூதரகத்திற்கோ அயலகத் தமிழர் நலத்துறைக்கோ மனுச் செய்ய நேர்ந்தால் அவற்றையே முதலில் கேட்பார்கள்.