மூச்சும் குறியும்

கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு 'பார்' எனப்படும் சிப்பிப் படுகைவரை இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிஷத்துக்குள் அகப்பட்ட சிப்பிகளை அள்ளிக்கொண்டு மீண்டவர்கள், தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துபோன முத்துக்குளிப்பின் வீரர்கள். அதே கடலில் இன்று சங்கு குளிப்பவர்களில் பலர், படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து குழாய்வழியே வரும் காற்றைச் சுவாசித்தபடி நெடுநேரம் அடியில் தங்குகிறார்கள். "இதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது?" என்று முன்னோரின் மூச்சை மெச்சுகிறவர் கேட்கக்கூடும்.

இதே கேள்வியைத்தான் கணினிப் போர் விளையாட்டுகளில் பழகிய இளைஞர்களும் ஓயாமல் எழுப்புகிறார்கள். சில துப்பாக்கிகளை 'நூப் கன்' என்று, அதாவது கற்றுக்குட்டியின் ஆயுதம் என்று, பரிகசிக்கிறார்கள். ஹாங்சௌ ஆசியப் போட்டியில் 2023-இல் மின்னணு விளையாட்டுகளுக்குப் பதக்கமே வழங்கப்பட்டுவிட்ட பிறகு, இப்பரிகாசத்தில் நியாயம் எவ்வளவு என்று ஆராய்வது வீண் வேலையாகாது.

'கவுண்டர் ஸ்ட்ரைக்' என்னும் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் ஏகே-47 துப்பாக்கியைத் தொடர்ந்து சுட்டால் குறி மேலேறிப் பக்கவாட்டில் அலையும். அந்த அலைச்சலை மனப்பாடம் செய்து, மவுஸை எதிர்த்திசையில் இழுத்து அடக்குவதற்கு நீண்ட அப்பியாசம் வேண்டும். 50 தோட்டா கொள்ளும் பி90 என்னும் துப்பாக்கியோ, ஓடிக்கொண்டே சுட்டாலும் ஓரளவு பலன் தரும். ஆகவே அது கைக்கு எளிது என்பது உண்மை. ஆனால் அவ்வெளிமை இனாமாகக் கிடைப்பதன்று. தலைக்கவசம் அணிந்தவனையும் தலையில் பாயும் ஒரே தோட்டாவால் ஏகே-47 வீழ்த்திவிடும்; பி90-ஆல் அது இயலாது. எதிரியை வீழ்த்துவோருக்கு ஆட்டத்தில் கிடைக்கும் வெகுமதியும், பி90-இன் இனத்தைச் சேர்ந்த பெரும்பாலான துப்பாக்கிகளுக்கு 600 டாலர் என்றிருக்க, இதற்கு 300 மட்டுமே.

காலைத் தவிர உடலில் எங்கே பட்டாலும் உயிரை வாங்கும் ஏடபிள்யூபி என்ற தொலைநோக்குத் துப்பாக்கியின் கதையும் இதுவே. ஏகே-47-இன் விலை 2,700 டாலர். இதன் விலை 4,750. ஒருமுறை தவறினால், அடுத்த தோட்டா ஏறும்வரை அதை ஏந்தியவன் நிராயுதபாணிக்குச் சமானம். அது போதாதென்று, 10 தோட்டா கொண்ட அதன் கொள்ளளவையும் 2022 நவம்பரில் 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். எனவே அதை ஏந்துபவனுக்கு விரல் வேகத்தினும், எங்கே நிற்பது, எப்போது காத்திருப்பது, எப்போது பணத்தைப் பணயம் வைப்பது என்னும் விவேகமே பிரதானமாகிறது.

ஆயுதம் ஒரு சிரமத்தை நீக்கும்போது சாமர்த்தியம் அழிந்துவிடுவதில்லை. கையை விட்டுப் புத்திக்குக் குடிபெயர்கிறது. காற்றுக்குழாய் பூண்டவருக்கு மூச்சடக்கும் வித்தை வேண்டாம். ஆனால் எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம், எத்தனை மெதுவாக மேலேற வேண்டும் என்ற ஞானம் வேண்டும். அவசரப்பட்டு ஏறினால் இரத்தத்தில் வாயுக் குமிழிகள் தோன்றி, அங்கங்கள் முடங்கவும் உயிரே போகவும் கூடும். எளிய கருவிக்குரிய விலையை விளையாட்டை அமைத்தவர் முன்கூட்டியே பட்டியலிட்டுச் சொல்லிவிடுகிறார். கடலோ, குளித்தவர் சங்கோடு மேலே வந்த பிறகுதான் அதை வசூலிக்கிறது.