ஜீப்புக்கு லாரி ஆக்சில் பொருத்துதல்

ஜீப் வகை வாகனத்தில் ஆலையிலேயே பொருத்தப்பட்ட ஆக்சிலைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாகக் கனரக லாரியின் ஆக்சிலைப் பொருத்துவதே லாரி ஆக்சில் மாற்றம். பாறை, சேறு, ஆற்றுப்படுகை போன்ற தடங்களில் ஓட்டுபவர்கள் முதலில் பெரிய டயர் போடுகிறார்கள். பெரிய டயர் போட்ட பிறகு ஆக்சில் முறிகிறது. அதன் பிறகுதான் லாரி ஆக்சில் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் 1970களில் உருவான 'பிக்ஃபுட்' என்ற ராட்சத பிக்கப் வண்டி, ராணுவ லாரியின் ஆக்சில்களில் நின்று புகழ்பெற்றது. அங்கு 2.5 டன் ராணுவ லாரிகளின் ஆக்சில்கள் பழைய சாமானாகக் கிடைத்ததால் இந்த வழக்கம் பரவியது.

தமிழ்நாட்டில் ஆக்சிலைப் பற்றிப் பேச ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. டைம்லர் நிறுவனத்தின் பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012 ஏப்ரலில் ஒரகடத்தில் திறக்கப்பட்டது. லாரிகளுக்கான ஆக்சில் ஹவுசிங்குகளைச் செய்யும் ஆக்சில்ஸ் இந்தியா நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. அதில் பங்குதாரராக உள்ள அமெரிக்காவின் டானா நிறுவனம்தான், முன்பு ஸ்பைசர் என்ற பெயரில், இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப்புக்கு ஆக்சில் கொடுத்தது. ஆக ஜீப் ஆக்சிலும் லாரி ஆக்சிலும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தாம். ஒன்று இன்னொன்றின் இடத்தில் உட்காருமா என்பதே கேள்வி.

ஆக்சில் ஏன் முறிகிறது

எஞ்சின் சக்தி கூடுவதால் ஆக்சில் முறிகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முறிப்பது டயரின் பிடிப்பு. ஒரு கணக்கைப் பார்ப்போம். எஞ்சினின் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 4 மடங்கு, லோ ரேஞ்ச் 2.5 மடங்கு, கிரவுன்-பினியன் 4.1 மடங்கு என்று வைத்துக்கொண்டால், 300 × 4 × 2.5 × 4.1 = 12,300 நியூட்டன் மீட்டர் ஆக்சிலுக்கு வந்து சேரும். எந்தச் சிறிய ஷாஃப்ட்டும் இதைத் தாங்காது. ஆனால் அவ்வளவு விசை ஷாஃப்ட்டில் ஏறுவதற்கு முன்பே டயர் வழுக்கிச் சுழன்றுவிடும். அந்த வழுக்கல்தான் ஷாஃப்ட்டைக் காப்பாற்றுகிறது.

இப்போது செங்குத்தான பாறையில் டிஃபரன்ஷியல் லாக் போட்ட ஜீப் ஏறுகிறது. ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. பின்பக்கத்துச் சுமை 1,200 கிலோவும் மற்றச் சக்கரத்தின் மேல். பாறையில் உராய்வு எண் 0.8 என்றால், 774 மி.மீ. விட்டமுள்ள 245/75 ஆர்16 டயரில் அந்த ஒரு ஷாஃப்ட் ஏறத்தாழ 3,600 நியூட்டன் மீட்டர் தாங்க வேண்டும். அதே இடத்தில் 37 அங்குல டயர், அதாவது 940 மி.மீ. போட்டால் அது 4,400 ஆகிவிடும். எஞ்சினில் ஒரு திருகும் மாறவில்லை. சுமை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது.

ஷாஃப்ட்டின் முறுக்குவலிமை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 30 மி.மீ. ஷாஃப்ட்டுக்குப் பதிலாக அதே உலோகத்தில் 38 மி.மீ. ஷாஃப்ட் வந்தால் வலிமை இரு மடங்காகும். லாரி ஆக்சில் மீதான ஆசைக்கு இதுதான் அடிப்படை.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. சிறிய வாகனங்கள் பலவற்றில் பின்சக்கரம் ஆக்சில் ஷாஃப்ட்டின் நுனியிலேயே மாட்டப்பட்டிருக்கும். சக்கரத்தைச் சுழற்றுவதும் வண்டியின் எடையைத் தாங்குவதும் அந்த ஒரே ஷாஃப்ட். அது முறிந்தால் சக்கரமே கழன்று ஓடலாம். லாரியில் அப்படியில்லை. ஹவுசிங்கின் மேல் இரண்டு பேரிங்குகளில் ஹப் உட்கார்ந்து எடையைத் தாங்குகிறது. ஷாஃப்ட்டின் வேலை சுழற்றுவது மட்டும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் பழுதான லாரியை இழுத்துச் செல்லும் முன் மெக்கானிக் ஹப்பின் முகத்திலுள்ள நட்டுகளைக் கழற்றி நீண்ட ஷாஃப்ட்டை உருவி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜாக்கிகூட வைக்க வேண்டியதில்லை. ஷாஃப்ட் வெளியே வந்தபின்னும் லாரி தன் சக்கரத்தில் நிற்கிறது.

பொருத்தும்போது

முதல் தடை முன்பக்கம். சாலையில் ஓடும் சாதாரண லாரியின் முன் ஆக்சில் வெறும் இரும்பு உத்தரம். அதற்குள் டிஃபரன்ஷியல் கிடையாது. ஆகவே இயங்கும் முன் ஆக்சில் வேண்டுமென்றால் நான்கு சக்கர இயக்கமுள்ள லாரியைத் தேட வேண்டும். நம் நாட்டில் அது பெரும்பாலும் ராணுவத்தில் ஓடிய வண்டியாகவே இருக்கும். கிடைத்தாலும், முன் டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதோ அதே பக்கத்தில் ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸிலிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் வர வேண்டும். வராவிட்டால் டிரான்ஸ்பர் கேஸையும் மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது பல் விகிதம். மேலே சொன்ன அமெரிக்க 2.5 டன் ஆக்சிலின் விகிதம் 6.72. அதில் 37 அங்குல டயர் போட்டு மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போனால் புரொப்பல்லர் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3,030 சுற்று சுழலும். பழைய 4.1 விகிதத்திலும் பழைய டயரிலும் இது 2,250 மட்டுமே. பாறையில் வரமாக இருக்கும் விகிதம் நெடுஞ்சாலையில் எஞ்சினை அலற வைக்கும். 37 அங்குல டயருக்கு உண்மையில் தேவைப்படுவது 5-ஐ ஒட்டிய விகிதம்தான்.

பிரேக்கும் ஒத்துவராது. கனரக லாரியின் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது. ஜீப்பில் இருப்பது எண்ணெய் பிரேக். கம்பிரசரும் காற்றுத்தொட்டியும் ஏற்ற வேண்டும், அல்லது ஹப்பில் புதிதாக டிஸ்க் பிரேக் வடிவமைக்க வேண்டும். பட்டறையில் செய்யப்படும் மாற்றங்களில் உயிருக்கு உலை வைக்கக்கூடியது இதுதான்.

லாரி ஆக்சில் அகலமானது. அதைக் குறுக்க ஹவுசிங்கை வெட்டி வெல்டிங் செய்கிறார்கள். வெல்டிங் சூட்டில் ஹவுசிங் அரை மில்லிமீட்டர் வளைந்தாலும் பேரிங் தின்னப்படும். ஷாஃப்ட்டைக் குறைத்தால் நுனியிலிருந்த, சூடேற்றிக் கடினமாக்கிய ஸ்ப்ளைன் பற்கள் போய்விடும். லேத் பட்டறையில் புதிதாக வெட்டிய பற்களுக்கு முறையான வெப்பப் பதப்படுத்தல் இல்லையென்றால், வலிமைக்காக வாங்கிய ஷாஃப்ட் பழையதைவிடப் பலவீனமாகிவிடும்.

எடையையும் மறக்கக்கூடாது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை கூடினால் சக்கரம் தரையின் மேடுபள்ளத்தை உடனே பின்தொடராது, வண்டி குதிக்கும். லாரி டிஃபரன்ஷியலின் வயிறும் பெரிது. அது பாறையில் இடிக்காமலிருக்கவே இன்னும் பெரிய டயர் தேவைப்படும். அந்த டயர் மறுபடியும் சுமையைக் கூட்டும்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. மாருதி ஜிப்ஸியும் பழைய மகிந்திரா ஜீப்புகளும் தனிச் சட்டகமும் முன்பின் இரண்டிலும் திட ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் கொண்டவை. ஒரகடத்திலேயே தயாரான ரெனோ டஸ்டரின் நான்கு சக்கர இயக்க வண்டியில் தனிச் சட்டகம் இல்லை. நான்கு சக்கரமும் தனித்தனியே அசைபவை. அதில் லாரி ஆக்சில் மாட்டுவது என்றால் டஸ்டரின் கூட்டை வேறு வண்டியின் மேல் கவிழ்ப்பதுதான்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும் வகையில் வாகனத்தை உரிமையாளர் மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம் சேர்த்த 182அ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இந்த மாற்றம் காரணமாகலாம்.

ஒரு புதிய ஆக்சிலைச் சாலைக்குக் கொண்டுவர உற்பத்தியாளர் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதற்கு ஒரகடத்தின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமே சான்று. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் இத்தகைய மையங்களைத் தாண்டித்தான் ஒரு மாடல் விற்பனைக்கு வருகிறது. தனி ஆள் பட்டறையில் செய்த ஒற்றை வண்டிக்கு அந்த வழி நடைமுறையில் திறந்திருப்பதில்லை.

அதனால் லாரி ஆக்சில் ஏறிய வண்டிக்கு உரிய இடம் தனியார் நிலமும் போட்டித்தடமும். கோவாவில் 2014 முதல் நடக்கும் ரெயின் ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளுக்கு இத்தகைய வண்டிகளை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அன்றாடம் சாலையிலும் ஓட்டி, எப்போதாவது மலைத்தடத்திலும் ஏற்றுபவருக்கு டயரை ஓரளவு மட்டும் பெரிதாக்கி, ஆலையிலேயே முன்பின் டிஃபரன்ஷியல் லாக்குடன் வரும் போர்ஸ் கூர்க்கா போன்ற வண்டியை வாங்குவது செலவிலும் குறைவு.