பதினான்கு ஊசியும் ஒரு மாணவியின் கேள்வியும்

இளம்பிள்ளையில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அப்படி ஒரு தெருவில் எங்கள் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனை நாய் கடித்துவிட்டது. தடுப்பூசி போட்டுக்கொண்டு மறுநாள் பாட்டியுடன் பள்ளிக்கு வந்தான். “எங்க காலத்துல தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்க சார். இவனுக்குத் தோள்ல போட்டு அனுப்பிட்டாங்க” என்று வியந்தார் பாட்டி.

அன்றைய அறிவியல் பாடம் அதிலிருந்தே தொடங்கியது. பழைய தடுப்பூசி செம்மறியாட்டின் மூளையில் தயாரிக்கப்பட்டது என்று சொன்னதும் ஒரு மாணவி எழுந்தாள். “அப்போ ஆட்டைக் கொன்னுதான் மருந்து செஞ்சாங்களா சார்? அது சரியா?”

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏறத்தாழ 150 ஆண்டுகளாக அறிஞர்களும் சட்டமன்றங்களும் விவாதித்துவரும் கேள்வி அது.

வாதம் பிறந்த கதை

மயக்க மருந்துகூட இல்லாமல் விலங்குகளை அறுத்துப் பார்க்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இருந்தது. பிரிட்டனில் இதற்கு எதிர்ப்பு வலுத்ததால் 1876இல் ஒரு சட்டம் வந்தது. விலங்குச் சோதனை செய்பவர் உரிமம் பெற வேண்டும் என்று அது கூறியது.

அதன்பின் ஆய்வாளர்கள் தங்கள் தரப்பைப் பொதுமக்களிடம் எடுத்துச்சொல்ல முனைந்தனர். 1908இல் ஸ்டீபன் பேஜெட் என்ற மருத்துவர் இதற்காகவே ஆராய்ச்சிப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். இத்தரப்பினருக்கு வலுவான சான்றுகள் இருந்தன. குழந்தைகளைக் கொன்ற தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரையின் இரத்தத்திலிருந்து எதிர்நச்சு கிடைத்திருந்தது. முயல்களின் தண்டுவடத்தைக் கொண்டு லூயி பாஸ்டர் உருவாக்கிய வெறிநாய்க்கடித் தடுப்பூசி, 1885இல் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் போடப்பட்டது. அவன் பிழைத்தான். அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக மரணம் உறுதி என்ற நோய்க்கு எதிரான வெற்றி அது.

குன்னூருக்கு வந்தது

இந்தியாவில் முதல் பாஸ்டர் நிலையம் 1900இல் கசௌலியில் தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவுக்கான நிலையம் 1907இல் நம் குன்னூரில் அமைந்தது. அதற்கு முன் நாய்க்கடிக்கு ஆளான ஆங்கிலேயப் படைவீரர்களைப் பாரிசுக்கு அனுப்பியதும் உண்டு. எளிய மக்களுக்கு அந்த வழியும் இல்லை. ஆனாலும் விலங்குகளை வதைக்கும் கூடம் இங்கு வேண்டாம் என்ற எதிர்ப்பும் அக்காலத்தில் எழுந்தது.

கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் 1911இல் புதிய முறை ஒன்றைக் கண்டார். நோய்க்கிருமியை விலங்கின் மூளையில் வளர்த்து, பீனால் கொண்டு செயலிழக்கச் செய்யும் முறை அது. மலிவாக, பெருமளவில் தயாரிக்க முடிந்தது. குன்னூரிலும் பல்லாண்டுகள் செம்மறியாட்டு மூளையிலிருந்தே தடுப்பூசி தயாரிக்கப்பட்டது. அதன் வீரியம் குறைவு என்பதால் பல நாள்கள், அதிக அளவில் போட வேண்டியிருந்தது. பாட்டி சொன்ன பதினான்கு ஊசியின் காரணம் இதுதான். அதில் மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்கு நரம்புப் பாதிப்பும் ஏற்பட்டது. எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்துக்கே இப்படி ஒரு குறையும் இருந்தது.

சட்டம் சொல்வது

மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டியக் கலைஞராக அறிவோம். மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றை 1953இல் அவர் கொண்டுவந்தார். அரசே இதை ஆராய்ந்து சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம்.

இச்சட்டத்தின் 14ஆம் பிரிவு, உயிர்காக்கவும் நோய் தீர்க்கவும் உதவும் சோதனைகளைக் குற்றமாக்கவில்லை. ஆய்வாளர் தரப்பின் வாதம் அங்கே இடம்பெற்றுவிட்டது. ஆனால் அடுத்து வரும் பிரிவுகள் கட்டுப்பாடு விதிக்கின்றன. சோதனைகளை மேற்பார்வையிட ஒரு குழு அமைக்கலாம். அறுவை செய்யும்போது மயக்க மருந்து தர வேண்டும். சிறிய விலங்கு போதுமானால் பெரிய விலங்கைப் பயன்படுத்தக் கூடாது. நூல், மாதிரி, திரைப்படம் ஆகியவற்றால் கற்பிக்க முடியுமானால் கல்வி நிலையங்களில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும். ஆசிரியர்களாகிய நமக்கு நேரடியாகப் பொருந்தும் வரி இது.

‘வேறு வழியில்லை’ என்பது எதுவரை?

1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிவியலாளர்கள் மூன்று வழிகளை முன்வைத்தனர். முடிந்தால் விலங்குக்கு மாற்று காண்க. முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க. பயன்படுத்தும்போது வலியைக் குறைக்க.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியே இதற்கு நல்ல சான்று. 1962இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களின் வழித்தோன்றல்கள் ‘வீரோ’ செல்கள் என்ற பெயரில் இன்றும் ஆய்வகங்களில் பெருகிவருகின்றன. தடுப்பூசிக்கான கிருமியை அவற்றில் வளர்க்க முடிகிறது. மூளைத் திசுத் தடுப்பூசியின் உற்பத்தி இந்தியாவில் 2005க்குள் நின்றுபோனது. இன்று 0, 3, 7, 28ஆம் நாள்களில் தோளில் போடுகிறார்கள். ஆடும் பிழைத்தது, நோயாளிக்கும் நலம் கூடியது.

எல்லாவற்றுக்கும் மாற்று வந்துவிடவில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சுக்கு முறிமருந்து இன்றும் குதிரையின் இரத்தத்திலிருந்தே கிடைக்கிறது. வயலில் பாம்பு தீண்டியவருக்கு அதுவே உயிர்.

அன்று ‘வேறு வழியில்லை’ என்றவர்கள் பொய் சொல்லவில்லை. ‘வேறு வழி தேடுங்கள்’ என்றவர்களும் வீண்வாதம் செய்யவில்லை. முதல் தரப்பு இல்லாவிட்டால் மருந்து வந்திருக்காது. இரண்டாம் தரப்பு இல்லாவிட்டால் விலங்குக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்திருக்காது.

வகுப்பறையில்

இக்கேள்வி எழும்போது ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிட வேண்டாம். ஒரு மருந்தை எடுத்துக்கொண்டு மூன்று வினாக்களை எழுதச் செய்யலாம். இதனால் யார் பிழைத்தார்கள்? எந்த உயிர் விலை கொடுத்தது? இன்று அந்த விலை தேவைதானா? மாணவர்கள் தரப்பை மாற்றிக்கொண்டு பேசவும் வாய்ப்புத் தரலாம்.

கூடவே ஒன்றை மறவாமல் சொல்லுங்கள்: நாய் கடித்தால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மறுநாள் அம்மாணவி தன் ஏட்டில் ஒரு வரி எழுதியிருந்தாள்: “ஆட்டுக்கும் நன்றி சொல்லணும், ஆடு வேண்டாம்னு ஆக்கினவங்களுக்கும் நன்றி சொல்லணும்.” நான் அதைத் திருத்தவில்லை.