காத்திருக்கவும் பழக வேண்டும்

வகுப்பில் கேள்வி கேட்ட ஆசிரியர், பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பார்? அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ நூற்றுக்கணக்கான வகுப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டுக் கணக்கிட்டார். சராசரியாக ஒரு விநாடிதான்! அதற்குள் கேள்வியைத் திருப்பிக் கேட்பார், அடுத்த பிள்ளையை எழுப்புவார், இல்லாவிட்டால் தானே பதிலைச் சொல்லிவிடுவார். அந்த ஒரு விநாடியை மூன்றாக நீட்டியதும் வகுப்பே மாறியது. பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. ‘தெரியாது’ குறைந்தது. வாய் திறக்காதவர்கள் பேசினார்கள், பிள்ளைகளே கேள்வியும் கேட்டார்கள். 1974இல் வெளியான இந்த முடிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான். கூடுதலாகத் தேவைப்பட்டது இரண்டே விநாடி.

இதைப் புதிய ஆசிரியரிடம் சொல்லிவிட்டால் போதாதா? போதாது. மனித மனம் ஒரே சமயத்தில் நான்கைந்து விஷயங்களைத்தான் பிடித்து வைத்திருக்கும். முதல் வகுப்பில் நிற்பவருக்கு அடுத்து என்ன சொல்வது, பின்பெஞ்சில் என்ன சத்தம், மணி அடிக்க எவ்வளவு நேரம் என்பதிலேயே அந்த இடம் நிரம்பிவிடுகிறது. அமைதி நீண்டால் பயம் வேறு. அந்த நெருக்கடியில் படித்தது கைகொடுக்காது, பழகியதுதான் கைகொடுக்கும்.

எப்படிப் பழகுவது? உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் இரு சகாக்களும் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ‘பத்தாயிரம் மணி நேரம்’ என்று உலகம் பிடித்துக்கொண்டது அதிலிருந்துதான். ஆனால் மணிக்கணக்கைவிட, அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதே எரிக்சனுக்கு முக்கியம். வராத ஓர் இடத்தைத் தனியே எடுத்து, பிழை எங்கே என்று கண்டு, திருத்தி, உடனே மறுபடி வாசிப்பது. சிறந்த மாணவர்கள் இப்படித் தனியாக வாரத்துக்கு 24 மணி நேரம் பயிற்சி செய்தார்கள். ஆய்வில் இன்னொரு பிரிவினர் ஏறக்குறைய 9 மணி நேரம்தான் செய்தார்கள். அவர்கள் யாரென்றால், இசை ஆசிரியர் ஆவதற்குப் படித்தவர்கள்! மேடை ஏறுபவரிடம் எதிர்பார்க்கும் பயிற்சியை வகுப்பறைக்குப் போகிறவரிடம் நாம் எதிர்பார்ப்பதே இல்லை.

முயற்சி நடக்காமல் இல்லை. 1963இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் குழுவினர் நுண்நிலைக் கற்பித்தலைத் தொடங்கினார்கள். நம் ஊரில் பி.எட். படித்த எல்லோருக்கும் தெரிந்த ‘மைக்ரோ டீச்சிங்’ இதுதான். இந்தியாவில் வகுத்த சுற்று 36 நிமிடம்: 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் குறை நிறை, 12 நிமிடம் திருத்தித் தயாராவது, 6 நிமிடம் மீண்டும் அதே பாடம், 6 நிமிடம் மறுபடி குறை நிறை. ஒரு சுற்றுக்கு ஒரே திறன். காத்திருப்பதுதான் அந்தத் திறன் என்றால், ‘பனிக்கட்டி ஏன் மிதக்கிறது?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மாணவர்களாக உட்கார்ந்திருக்கும் தோழிகளில் ஒருத்தி செல்போனில் விநாடி பார்க்கிறாள். “ஒன்றரை விநாடியிலேயே ‘சொல்லுங்க, சொல்லுங்க’ன்னு ஆரம்பிச்சிட்டே” என்கிறாள். மறுபடி கேட்க வேண்டும். இந்த ‘மறுபடி’யில்தான் முறையின் உயிரே இருக்கிறது. நேரமில்லை என்று அதை வெட்டிவிட்டு ரெக்கார்டு நோட்டை மட்டும் நிரப்பினால், மிஞ்சுவது சடங்கு.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜூலி கோஹன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, மறுபடி செய்வதற்கு முன் குறை நிறை சொல்ல ஒருவர் தேவை என்பதைத் தெளிவாகக் காட்டியது. திரையில் கணினி உருவங்களாகச் சில மாணவர்கள். பின்னாலிருந்து ஒருவர் அவர்களைப் பேசவும் குறும்பு செய்யவும் வைக்கிறார். பயிற்சி ஆசிரியர் பாடத்தை நடத்திக்கொண்டே அந்தக் குறும்பைச் சமாளிக்க வேண்டும். முதல் சுற்று முடிந்ததும் ஒரு பிரிவினர் தாங்கள் செய்ததைத் தாங்களே யோசித்துப் பார்த்தார்கள். மற்றவர்களிடம் பயிற்றுநர் ஐந்து நிமிடம் பேசினார்: குறும்பைக் கண்டதும் உடனே சொல்லுங்கள், சுருக்கமாக, என்ன செய்ய வேண்டும் என்று குறிப்பாக, கோபமில்லாமல். பிறகு எல்லோரும் மீண்டும் வகுப்பெடுத்தார்கள். தனியே யோசித்தவர்களைவிட, பயிற்றுநரிடம் கேட்டுக்கொண்டவர்கள் வெகுவாகத் தேறியிருந்தார்கள். குறும்பு செய்த பிள்ளையை அவர்கள் பார்க்கும் பார்வையும், அடுத்து அவனை என்ன செய்யலாம் என்ற யோசனையும்கூட மாறியிருந்தன. எப்படிக் கையாள்வது என்று தெரிந்தவருக்கு அந்தப் பிள்ளை அவ்வளவு பெரிய தொல்லையாகத் தெரிவதில்லை.