கொதிக்கும் எட்டு
(வீட்டு ஷெட்டில் ஒரு ஹாட் ராட் – 6)

போன வாரம் 1932 போர்டின் பாடியைச் சேஸிலிருந்து தூக்கி ஓரமாக வைத்தோம். இனி என்ஜின்.

பழைய காரைப் புதுப்பிக்கிறவர், கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே ஒவ்வொரு போல்ட்டையும் தேடி அலைவார். ஹாட் ராட் கட்டுகிறவருக்கு அந்தப் பக்தியெல்லாம் கிடையாது. பம்பரைக் கழற்றுவார், மட்கார்டைக் கழற்றுவார், கூரையையே அறுத்துத் தாழ்த்துவார். அவரும் கொஞ்சம் பயந்து தொடுகிற சாமான் ஒன்று உண்டு. அதுதான் 'பிளாட்ஹெட்' வி8 பிளாக்.

1932-ல் வந்தபோது இதன் சக்தி 65 குதிரைத் திறன், கொள்ளளவு 3.6 லிட்டர். எட்டு சிலிண்டர் என்றாலே பணக்காரர் சமாச்சாரம் என்றிருந்த காலத்தில், ஹென்றி போர்டு முழு பிளாக்கையும் ஒரே வார்ப்பாக வார்க்க வைத்து விலையை இறக்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் தெற்குக் கலிபோர்னியாப் பையன்கள் இந்தப் பழைய வண்டிகளைச் சல்லிசாக வாங்கி, எல் மிராஜ் என்ற வறண்ட ஏரிப் படுகையில் விரட்டிப் பார்த்தார்கள்.

சிக்கல் எங்கே என்றால், இதில் வால்வுகள் ஹெட்டில் இல்லை. பிளாக்கிலேயே, 'வி'யின் உட்பக்கம் இருக்கின்றன. ஹெட் வெறும் மூடிதான். எரிந்த புகையோ வெளிப்பக்கமாக வரவேண்டும். அதனால் பிளாக்குக்குள்ளேயே சிலிண்டர்களைச் சுற்றி வளைந்து வருகிறது. ஒரு பக்கத்து நான்கு சிலிண்டருக்கு மூன்றே வாசல். நடுவிலுள்ள இரண்டும் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அத்தனை சூடும் தண்ணீரில் இறங்கும். ரேடியேட்டர் கொதிக்காமல் என்ன செய்யும்?

பலர் உடனே பெரிய ரேடியேட்டருக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், முதலில் பிளாக்கின் தண்ணீர்ப் பாதையில் கம்பியை விட்டுக் கிளறுங்கள். துரு மட்டுமா வரும்? வார்ப்படச் சாலையில் அன்று விட்டுப்போன மணலும், அச்சுக்கு வைத்த கம்பித் துண்டும்கூட விழும். கொட்டக் கொட்ட வந்துகொண்டே இருக்கும். பொறுமையாகக் கொட்டுங்கள்.

அடுத்தது விரிசல். வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் சுவர் வரை மயிரிழையாக ஓடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. பிளாக்கைக் காந்தமாக்கி இரும்புத் துகளைத் தூவினால், விரிசல் ஓடும் கோட்டில் துகள் வரிசைகட்டி ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு வேலையை மெஷின் ஷாப்பில் கொடுப்பதே நல்லது. சின்ன விரிசலானால் வெல்டிங் வேண்டாம். வரிசையாகத் துளை போட்டு, மரையுள்ள ஊசிகளை ஒன்றையொன்று கடித்தபடி திருகி, தலையை வெட்டித் தேய்த்துத் 'தைத்து' விடலாம். இதெல்லாம் முடியும் முன் போர் போடவோ, பிஸ்டன் வாங்கவோ பணத்தை எடுக்காதீர்கள். இரட்டைக் கார்புரேட்டர், எடல்பிராக் மேனிபோல்டு எல்லாம் அப்புறம்.

'இத்தனை பாடு எதற்கு, செவர்லே வி8 போடலாமே?' என்பீர்கள். 1955-ல் அது வந்ததும் பாதிப் பேர் அந்தப் பக்கம் தாவியது உண்மைதான். வேகமும் கூடுதல், சூடும் குறைவு. தாராளமாகப் போடுங்கள். ஆனால் பானெட்டைத் திறந்து காட்ட நீங்கள் கூப்பிட்டால் நான் வரமாட்டேன்.

எந்த என்ஜினானாலும் இப்போதைக்கு ஓட்டிப் பார்க்க வேண்டாம். 1932 போர்டில் பிரேக் வேலை செய்வது கம்பி இழுத்துத்தான்; ஆயில் பிரேக் போர்டுக்கு வந்தது 1939 மாடலில். அதைக் கழற்றி இதில் மாட்டும் வேலை அடுத்த வாரம்.