கடல்நீர்த் தொட்டியில் நட்சத்திர மீன்: விற்பவரும் வளர்ப்பவரும் அறிய வேண்டியவை

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். நமது கடைகளில் மிக மலிவான சரக்கும் உப்புதான். ஆனால் கடல்நீர்த் தொட்டி வைப்பவருக்கு முதல் செலவும் முக்கியச் செலவும் உப்பே ஆகும்.

வண்ண மீன் வியாபாரத்துக்குச் சென்னை கொளத்தூர் பேர்போன இடம். அங்கு நடப்பது பெரும்பாலும் நன்னீர் மீன் வியாபாரமே. அதோடு கடல் உயிரினங்களையும் வாங்கி விற்க முன்வரும் வியாபாரிகளும், கடை முகப்பில் அழகுக்காகத் தொட்டி வைக்க நினைக்கும் அன்பர்களும், நட்சத்திர மீனைப் பற்றிச் சில விவரங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பார்வைக்கு அழகான இந்தச் சரக்கு, நஷ்டத்தை உடனே காட்டாத சரக்கு.

மீன் அல்லாத மீன்

பெயரில்தான் மீன். இதற்கு முதுகெலும்பு கிடையாது. செதிலும் துடுப்பும் கிடையாது. நம்மைப் போன்ற இரத்த ஓட்டமும் இல்லை. மேற்புறத்தில் சல்லடை போன்ற ஒரு சிறு தகடு உண்டு. அதன் வழியே உடலுக்குள் செல்லும் கடல்நீர், குழாய்கள் மூலம் கைகளுக்குப் பாய்கிறது. அடிப்புறத்திலுள்ள நூற்றுக்கணக்கான குழாய்க் கால்கள் இந்த நீரின் அழுத்தத்தால் இயங்குகின்றன.

ஆகவே வெளியே உள்ள நீரும் உடலுக்குள் உள்ள நீரும் ஏறக்குறைய ஒரே உப்புத்தன்மை கொண்டவை. தொட்டி நீரின் உப்பு திடீரென்று கூடினாலோ குறைந்தாலோ நட்சத்திர மீனால் ஈடுகொடுக்க முடியாது.

எந்த உப்பு?

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதில் பெரும்பகுதி நாம் விற்கும் சோடியம் குளோரைடு. மீதியில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் முதலியவை உள்ளன. உப்பளத்தில் நீர் வற்றும்போது கால்சியத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முன்பே படிந்துவிடும். மெக்னீசியம் கடைசியில் வடிக்கப்படும் கசப்பு நீரோடு போய்விடும். ஆகவே கல் உப்பும் தூள் உப்பும் சமையலுக்குச் சிறந்தவை, தொட்டிக்கு உதவா.

தொட்டிக்கென்றே தயாரிக்கப்படும் கடல் உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். அதை ஆர்.ஓ. தண்ணீரில் கரைப்பது நல்லது. 200 லிட்டர் தொட்டிக்கு முதலில் 7 முதல் 8 கிலோ வரை தேவைப்படும். வாரம் 10 சதவீதம் நீர் மாற்றினால் வாரத்துக்கு முக்கால் கிலோ, ஆண்டுக்குச் சுமார் 40 கிலோ. வாடிக்கையாளர் ஒருவர் தொட்டியைத் தொடர்ந்து நடத்தினால் விற்பவருக்கு உப்பு, தீவனம், உதிரிப் பாகம் என்று நிலையான வியாபாரம் உண்டு.

நீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு உப்பு கலக்காத நல்ல நீரையே ஊற்ற வேண்டும். புதிதாக வளர்ப்பவர்கள் பலர் தவறுவது இங்கேதான்.

வகை அறிந்து கொள்முதல் செய்க

1. நீல நட்சத்திரம் (லிங்கியா): கண்ணைப் பறிக்கும் நிறம், கேட்டு வருவோர் அதிகம். பாறை மீது படியும் மெல்லிய பாசி, நுண்ணுயிர்ப் படலம் முதலியவற்றை மேய்ந்து வாழ்வது. புதிய தொட்டியில் இந்த உணவு கிடையாது. நாம் போடும் தீவனத்தையும் பெரும்பாலும் தொடாது. குறைந்தது 400 லிட்டர் கொண்ட, நன்கு முதிர்ந்த தொட்டி வேண்டும்.

2. மணல் சலிக்கும் நட்சத்திரம்: மணலில் புதைந்து அங்குள்ள சிறு உயிர்களைத் தின்னும். சிறிய தொட்டியில் விரைவில் உணவைத் தீர்த்துவிட்டுப் பட்டினி கிடக்கும்.

3. சாக்லேட் சிப் நட்சத்திரம்: மேற்புறத்தில் கருநிற முட்கள் கொண்டது. இறால் துண்டு, மட்டிச் சதை கொடுத்தால் நன்றாகத் தின்னும். ஆனால் பவளம், கடற்பஞ்சு போன்றவற்றையும் தின்றுவிடும். மீன் மட்டும் உள்ள தொட்டிக்கே ஏற்றது.

4. பிரிட்டில் ஸ்டார்: நட்சத்திர மீனுக்கு நெருங்கிய உறவு, பாம்பு போல் நெளியும் மெல்லிய கைகள் கொண்டது. மிச்சம் மீதியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும். பழகுபவருக்கு இதுவே ஏற்றது. பச்சை நிற வகையை மட்டும் தவிர்க்கவும். அது சிறு மீன்களைப் பிடித்துத் தின்னும்.

தொட்டியின் வயதைக் கேளுங்கள்

புதிய தொட்டியில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் விட அது போதும். நீல நட்சத்திரம் போன்ற மேயும் வகைகளுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுப்பதே உத்தமம்.

நட்சத்திர மீன் ஒரே நாளில் சாவதில்லை. பட்டினியால் உடல் உள்ளுக்குள் சுருங்கிச் சில வாரங்களோ சில மாதங்களோ கழித்தே சாகும். அதற்குள் பில்லும் தொலைந்திருக்கும், விற்றவருக்கும் மறந்திருக்கும். காரணம் தெரியாத வாடிக்கையாளர், "இது நமக்கு ராசியில்லை" என்று தொட்டியையே பழைய விலைக்குத் தள்ளிவிடுவார். ஒரு நட்சத்திரத்தில் கிடைத்த லாபத்துக்காக ஆண்டுக்கு 40 கிலோ உப்பு வாங்கக்கூடியவரை இழக்கிறோம். ஓர் உயிரும் வீணாகிறது. விற்பனைக்கு வரும் நட்சத்திர மீன்கள் பெரும்பாலும் கடலிலிருந்து பிடிக்கப்பட்டவையே என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆகவே, "தொட்டி வைத்து எத்தனை மாதம் ஆகிறது? எத்தனை லிட்டர்?" என்று கேட்ட பிறகே பை கட்டுங்கள். பதில் சரியில்லை என்றால், "ஆறு மாதம் போகட்டும் அண்ணாச்சி, நானே நல்லதாக எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லி அனுப்புங்கள். அவர் திரும்பி வருவார்.

சரக்கு வந்ததும்

* கல்லின் மீது பற்றி நிற்கிறதா, உடல் உறுதியாக இருக்கிறதா, வெண்புள்ளியோ கிழிசலோ உண்டா என்று பார்க்கவும். கவிழ்த்து வைத்தால் தானே திரும்ப முயல வேண்டும். துவண்டு கிடப்பதை வாங்க வேண்டாம்.
* பையிலுள்ள நீரோடு தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, சில மணி நேரம் பழக்கிய பிறகே விடவும்.
* நீரிலிருந்து வெளியே தூக்காமல், நீருக்கடியிலேயே மாற்றவும்.
* மீன் நோய்க்குப் போடும் தாமிர மருந்து நட்சத்திர மீனுக்கு விஷம். அந்த மருந்து போட்ட தொட்டியில் விடக் கூடாது.
* வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும். நமது கோடைக்குச் சில்லர் இல்லாமல் முடியாது. மின்வெட்டுக்குப் பேட்டரி காற்றுப் பம்பு அவசியம்.
* இறந்ததை உடனே அகற்றவும். அழுகினால் தொட்டி நீர் முழுவதும் கெடும்.

சட்டத்தை மறவாதீர்

"ரீஃப் தொட்டி" என்றதும் கடலிலிருந்து எடுத்த பவளப் பாறையைத் தேடுவோர் உண்டு. பாறை உருவாக்கும் பவளங்கள், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இவற்றை விற்பது மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடற்பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எந்த உயிரையும் எடுக்கலாகாது. தொட்டிக்குச் செயற்கைப் பாறையே போதும். மொத்த வியாபாரியிடம் பில் கேட்டு வாங்குங்கள். எங்கிருந்து வந்த சரக்கு என்பதையும் கேளுங்கள்.

அரிசியிலும் பருப்பிலும் தரம் சொல்லி விற்கும் நமக்கு இது புதிதல்ல. மூட்டையில் இருக்கும் சரக்கு கெட்டால் பணம் போகும். தொட்டியில் இருக்கும் சரக்கு கெட்டால் உயிரும் போகும். அந்த வித்தியாசத்தை அறிந்து விற்பவரிடம் வாடிக்கையாளர் நிலைத்து நிற்பார்.