தாய், மைந்தன், விருந்தாளி

மறைமலை நகர் ரயில் நிலையத்துக்கு வெளியே, டீக்கடையில் ஒருவர் சொன்னார்: "வடக்கத்திப் பசங்க வெள்ளம் மாதிரி வர்றானுங்க சார்." அவர் கெட்டவர் அல்ல. ஆனால் வெள்ளத்துக்கு முகம் கிடையாது. அதனோடு பேச முடியாது, அணைதான் போடணும். உருவகம் பிரச்சினையை வர்ணிப்பதோடு நிற்பதில்லை, தீர்வையும் சேர்த்தே தந்துவிடுகிறது. அதை வெறும் அணியலங்காரம் என்று ஒதுக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தேசமும் உருவகம் வழியாகவே கண்ணுக்குத் தெரிகிறது. 1905இல் அபனீந்திரநாத் தாகூர் பாரத மாதாவை நான்கு கைகளோடு வரைந்தார். 1936இல் காசியில் காந்தி திறந்துவைத்த பாரத மாதா கோயிலில் பளிங்கு வரைபடமே தெய்வம். நம்மிடம் தமிழ்த்தாய். 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் வாழ்த்து 2021இல் மாநிலப் பாடலானது. இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழ்த்தாய் நின்றாள், உண்மை. ஆனால் இரு தாய்களின் இலக்கணமும் ஒன்றே: தாய் என்றதும் குடிமகன் மகனாகிறான், மகனுக்குக் கடன் உண்டு, கேள்வி கிடையாது. 1964 ஜனவரியில் திருச்சியில் சின்னச்சாமி தீக்குளித்ததை இந்தக் கடனை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியுமா?

இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். வேதாசலம், தனித்தமிழ் இயக்கத்தில் மறைமலை ஆனார். வேதம் மறை, அசலம் மலை. சமஸ்கிருத மேலாண்மைக்கு எதிரான நியாயம் அதில் உண்டு. ஆனால் 'தூய்மை' என்பதும் உருவகம்தான்; சாதிச் சமூகத்தில் அது அப்பாவிச் சொல் அல்ல. சொல்லில் தேடிய தூய்மையை மனிதரிடம் தேட அதிக தூரம் போகவேண்டியதில்லை.

'மண்ணின் மைந்தர்' என்றதும் மற்றவர் விருந்தாளி. 'வந்தாரை வாழவைக்கும் தமிழகம்' என்பதில் பெருந்தன்மை இருக்கிறது, உரிமை இல்லை. விருந்தாளி கூலி உயர்வு கேட்பதில்லை. எப்போது கிளம்புவது என்பதும் வீட்டுக்காரர் கையில். 2023 மார்ச்சில், பீகாரிகள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது தொழிலாளர் பலர் பயந்து ரயிலேறினார்கள். விருந்தாளியின் காலடியில் மண் எவ்வளவு லேசானது என்று அப்போது தெரிந்தது.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே, விடுதிச் சாப்பாட்டால் சக தொழிலாளிகள் நோயுற்றதும் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். எந்தத் தாயின் பெயராலும் அல்ல, தொழிலாளிகளாகவே.

உருவகம் இல்லாமல் நாம் பேச முடியாது; எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். ஆனால் ஒவ்வொன்றிடமும் கேட்கலாம்: நீ யாரை வாசலில் நிறுத்துகிறாய்? டீக்கடைக்காரரிடம் மறுபடி பேசணும். "லைன்ல பக்கத்துல நிக்கிறவன்" என்பதற்கு உருவகமே தேவையில்லை.